கடினப்படுத்திய சிறு எஃகுப் பாகம் உடைந்தால்: எந்த ராடு, எந்த ட்ரில்?

உங்கள் பைண்டிங் பட்டறையில் ஓடும் பழைய இங்கிலாந்து இயந்திரத்தில், ராட்செட் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளும் நாக்கின் முனை ஏறத்தாழ 2 மி.மீ. அளவுக்கு உடைந்துவிட்டது. பக்கத்து வெல்டிங் கடையில் சாதாரண ராடால் நிரப்பி, அரத்தால் ராவி மாட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் ஓடியது. மறுநாள் காலையில் அந்தப் புது முனை, பழைய இரும்பிலும் பிறை வடிவில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு விழுந்துவிட்டது. இதற்கிடையில் நாக்கின் துளையில் 8 மி.மீ. பின் நுழையவில்லை என்று அதைப் பெரிதாக்கப் போய் இரண்டு ட்ரில்கள் கருகிவிட்டன. ஆகவே எந்த ராடு வாங்க வேண்டும், எந்த ட்ரில் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்குள் வேறொரு கேள்வி தெரிகிறது. அளவாகச் சூடேற்றி, அளவாகக் குளிரவைத்து அந்த எஃகுக்கு ஒருவர் கொடுத்த கடினத்தை வெல்டிங்கின் சூடு கலைத்துவிட்டது. அதை அதே இடத்தில் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அது. முடியும். ஆனால் ராடை மாற்றுவதால் மட்டும் அது நடக்காது.

நான் கோவையில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் டூல்கள் செய்யும் டூல் ரூம்களில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். டூல் அண்ட் டை பட்டயப் படிப்பில் கற்றதைவிட, வீணாக்கிய பஞ்சுகளில் (தகட்டை வெட்டும் எஃகு முனைகளில்) கற்றது அதிகம். உலோகவியல் படித்தவன் அல்லன். உங்கள் நாக்கைக் கையில் எடுத்துப் பார்க்கவும் இல்லை. எனவே எல்லா எஃகுக்கும் பொருந்தும் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியதையும், நீங்கள் எழுதியதை வைத்து ஊகிப்பதையும் தனித்தனியே சொல்ல முயல்கிறேன்.

முதலில் நிச்சயமானது. ஏறத்தாழ 0.3 விழுக்காட்டுக்கு மேல் கரி (கார்பன்) உள்ள எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்த்தால், உள்ளே கரைந்திருந்த கரிக்குப் பிரிந்து வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது இரும்பின் படிக அடுக்குக்குள் சிக்கி, அடுக்கை இழுத்து இறுக்கிவிடுகிறது. இந்த இறுக்கமான அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மனியின் உலோக ஆய்வாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக வைக்கப்பட்டது. தோய்த்தவுடன் இது கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் உடனே 200 டிகிரி செல்சியஸ் அளவிலோ அதற்குச் சற்று மேலோ மறுபடி சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் உரத்தை, அதாவது உடையாமல் தாங்கும் தன்மையை, வாங்கிக்கொள்கிறோம். இதைத்தான் பட்டறைகளில் டெம்பரிங் என்கிறோம். அரிவாளுக்கு ஊர்க் கொல்லர் வைக்கும் தோய்ச்சலில் இந்த இரண்டு வேலையும் ஒரே மூச்சில் நடந்துவிடும். விளிம்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது அவர் நிறுத்துவது 220 டிகிரியை ஒட்டிய சூடு, நீலம் ஓடவிட்டால் 300 டிகிரியை ஒட்டிய சூடு. இந்த நிறங்கள் சூட்டோடு நேரத்தையும் பொறுத்து மாறும் என்பதால் அவற்றை வழிகாட்டியாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் உங்கள் நாக்கு கடினமாக இருந்ததற்குக் காரணம் அதில் என்ன எஃகு இருந்தது என்பது பாதிதான். எந்தெந்தச் சூட்டைக் கடந்து வந்தது என்பது மறுபாதி.

இப்போது அந்த வெல்டிங்கில் நடந்ததைப் பார்ப்போம். உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. நிரப்பிய உலோகத்தில் அரம் பிடித்தது, அதன் ஓரத்தில் வழுக்கியது, இன்னும் 3 மி.மீ. தள்ளிப் பார்த்தால் மறுபடி நன்றாகப் பிடித்தது, அதற்கப்பால் மீண்டும் வழுக்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பட்டைகளையும் அரமே உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அரம் பிடித்த முதல் பகுதி, சாதாரண ராடின் மென்மையான உலோகம். அதை ஒட்டிய ஓரம், உருகாவிட்டாலும் செந்தணலாகச் சூடேறி, மீதியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டதால் தோய்க்காமலே தோய்ந்துபோன இடம். அங்கே புதிய மார்ட்டென்சைட் உருவாகியிருக்கிறது, அதற்கு யாரும் டெம்பரிங் கொடுக்கவில்லை. அதற்கடுத்த 3 மி.மீ., செந்தணல் நிலையை எட்டாமல் 500, 600 டிகிரிவரை போய் வந்து பழைய கடினத்தை இழந்த இடம். கடைசியாக அரம் வழுக்கிய பகுதிதான் இயந்திரம் செய்தவர் கொடுத்தபடியே மிஞ்சியிருப்பது. பிறை வடிவத் துண்டு பெயர்ந்து வந்தது அந்த இரண்டாவது பட்டையில்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ராடு ஒட்டாமல் போகவில்லை. ஒட்டிய இடத்துக்கு அடியில் இருந்த பழைய எஃகு உடைந்தது. வெல்டிங் போட்டவரைக் குறை சொல்லவும் வேண்டாம். கேட், கிரில் வேலைக்குச் சரியான ஒன்றைத்தான் அவர் செய்திருக்கிறார்.

அது ஏன் மறுநாள் உடைந்தது என்பது அவ்வளவு நிச்சயமில்லை. இரண்டு காரணங்கள் சாத்தியம். ஒன்று, உருகிய உலோகம் உறையும்போது சுருங்குகிறது. அந்த இழுப்பை டெம்பரிங் இல்லாத பட்டை தாங்காமல் குளிரும்போதே மயிரிழை விரிசல் விட்டிருக்கும், ஓட்டத்தில் அது வளர்ந்திருக்கும். மற்றொன்று ஹைட்ரஜன். 6013 போன்ற சாதாரண ராடின் பூச்சில் ஈரம் உண்டு. வெல்டிங்கின் மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் அது பிரிந்து, ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, பிறகு மெல்ல நகர்ந்து கடினமான பட்டையில் போய்ச் சேர்கிறது. அதனால் வரும் விரிசல் சில மணி நேரம் கழித்தோ இரண்டு நாள்வரை தாமதித்தோதான் தெரியும். பெயர்ந்த துண்டு இன்னும் கையில் இருந்தால், உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி நீலமாகவோ பழுப்பாகவோ இருந்தால், சூடாக இருக்கும்போதே அது திறந்துவிட்டது என்று பொருள். முழுவதும் பளபளவென்று சாம்பல் நிறத்தில் மணிமணியாக இருந்தால், குளிர்ந்த பிறகே உடைந்திருக்கிறது. இது மேற்கொண்டு செய்ய வேண்டிய வேலையை மாற்றப்போவதில்லை. ஆனால் உடைந்த முகத்தைத் துடைத்தெறிவதற்கு முன் ஒரு நிமிடம் பார்க்கும் பழக்கம் எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

பெரிய பாகத்துக்கும் சிறிய பாகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 20 கிலோ எடையுள்ள அச்சின் (டை) மூலையில் நிரப்பும்போது, சூடு பரவும் பகுதி அந்த டையில் சிறு துளிதான். உங்கள் நாக்கோ 40 மி.மீ. நீளம், 8 மி.மீ. தடிமன், முனையில் வில்லைப் பிடித்தால் அரை நிமிடத்தில் துளைவரை சூடு ஏறிவிடும். மீதிப் பகுதியைக் காப்பாற்ற அதைச் செம்புக் கட்டையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெல்டிங் போடச் சொல்வார்கள். அது மீதியைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் செம்பு சூட்டை வேகமாக உறிஞ்சுவதால், அந்த இரண்டாவது பட்டை இன்னும் வேகமாகத் தோய்ந்து இன்னும் நொறுங்கும் தன்மை பெறும் என்பதும் உண்மை. ஒரு பக்கம் காத்தால் மறுபக்கம் போகும். எனவே சிறிய பாகத்தில் ஒரு பகுதியை மட்டும் பழுதுபார்த்து, மற்றதைத் தொடாமல் விடுவோம் என்ற ஆசையை நான் விட்டுவிட்டேன்.

அடுத்து, இது என்ன எஃகு? முழுவதும் கரி அதிகமுள்ள எஃகாக இருக்கலாம். அல்லது உள்ளே மென்மையான எஃகும் வெளியே அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர்வரை கரியேற்றிய கடினத் தோலுமாக இருக்கலாம். பழைய இயந்திரங்களின் சிறு பாகங்களில் இரண்டும் உண்டு. உடைந்த முகமே இதையும் சொல்லும்: ஓரத்தில் மெல்லிய பட்டுப்போன்ற விளிம்பும் நடுவில் நார்போன்ற பகுதியும் தெரிந்தால் தோல் மட்டும் கடினமானது, முகம் முழுவதும் ஒரே மாதிரியாக இருந்தால் முழுக்கக் கடினமானது. சாணையில் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்ப்பதும் உதவும். கரி அதிகமுள்ள எஃகின் பொறி நிறையக் கிளைத்து மத்தாப்பு போல் வெடிக்கும்; மென்மையான எஃகின் பொறி நீண்டு, குறைவாகக் கிளைக்கும்; ட்ரில் செய்யப் பயன்படும் ஹைஸ்பீட் எஃகின் பொறி மங்கலான சிவப்பில், ஏறக்குறைய வெடிக்காமல் ஓடும். தெரிந்த எஃகுத் துண்டுகள் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. தனியாகப் பார்த்து இஎன் 31 என்றோ ஓஎச்என்எஸ் என்றோ எஃகின் ரகப் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

வெல்டிங்குக்கு எஃகு எவ்வளவு அடங்கும் என்பதை மதிப்பிட ஒரு கணக்கு உண்டு. கரியின் விழுக்காட்டோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், செம்பு ஆகியவற்றின் கூட்டில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். விடை 0.45ஐத் தாண்டினாலே முன்சூடு வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. இஎன் 24 எஃகுக்கு இது 0.9ஐ ஒட்டி வரும். 1 விழுக்காடு கரியும் 1.4 விழுக்காட்டை ஒட்டிய குரோமியமும் உள்ள பேரிங் எஃகான இஎன் 31க்கு 1.3ஐத் தாண்டும். உண்மையில் இந்தக் கணக்கு இவ்வளவு கரியுள்ள எஃகுக்காக உருவானது அன்று. எச்சரிக்கை மணியாக மட்டுமே அதைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு என் முதல் யோசனை, அந்த நாக்கை வெல்டிங் செய்ய வேண்டாம், புதிதாக ஒன்று செய்யுங்கள் என்பதே. எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தும் டூல் ஸ்டீலான ஓஎச்என்எஸ் பட்டை சிறு துண்டாகவே கிடைக்கும், 10 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு போதும். மென்மையான நிலையில் தடிமனை 8.3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்து, பின் துளையை ட்ரில் போட்டு, இறுதி அளவுக்குச் சற்றுக் குறைவாக, துளையை அளவாக்கும் ரீமர் இழுத்துவிடுங்கள். பிறகு 800 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்க வேண்டும். கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு, அதாவது 60 டிகிரிவரை இறங்கியதும், ஆறவிடாமல் டெம்பரிங் அடுப்பில் வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். 200 டிகிரியில் டெம்பர் செய்தால், கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். 300 டிகிரியில் 56ஐ ஒட்டி இறங்கும். இரண்டாவதைத்தான் நான் எடுப்பேன். ராட்செட் நாக்கு ஒவ்வொரு பல்லிலும் அடி வாங்கும் பாகம். மிகக் கடினமாக வைத்தால் மறுபடி முனை உதிரும். தவிர, சக்கரத்தைவிட நாக்கு ஒரு படி மென்மையாக இருப்பது நல்லது. தேய்வது நாக்காக இருந்தால் அரை நாளில் மாற்றிவிடலாம்; சக்கரமாக இருந்தால் அதற்கு எங்கே போவது? சக்கரத்தின் கடினத்தை அரத்தால் ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள்.

கடினப்படுத்திய பின் வெளி வடிவத்தை ஒயர் கட்டிங்கில் வெட்டலாம். பித்தளைக் கம்பிக்கும் பாகத்துக்கும் இடையே பாயும் மின்பொறி உலோகத்தைத் துணுக்குத் துணுக்காக அரிப்பதால், எஃகு எவ்வளவு கடினம் என்பது அதற்குப் பொருட்டில்லை. தோய்த்தபோது வளைந்த பிழையும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். உடைந்த பழைய நாக்கு, உடையாத பகுதிகளின் அளவுக்கும் துளையின் இடத்துக்கும் மாதிரியாக உதவும். முனையின் கோணத்தை ராட்செட் பல்லிலிருந்தே எடுக்க வேண்டும். பொறி பட்ட பரப்பில் மிக மெல்லியதாக, உருகி உறைந்த வெள்ளைத் தோல் ஒன்று நிற்கும். அதில் நுண்ணிய விரிசல்கள் இருக்கும். பல்லில் மோதும் முகத்தை எண்ணெய்க் கல்லால் தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. பிறகு முனை சில்லு சில்லாக உதிர்ந்தால் பழி எஃகின்மேல் விழும்.

எஃகு வாங்குவது, கடினப்படுத்துவது, ஒயர் கட்டிங் எல்லாம் சேர்த்தாலும், ஒழுங்கான முறையில் வெல்டிங் செய்து சரிசெய்வதற்கு ஆகும் நேரத்தைவிட இது குறைவு. ஆனாலும் வெல்டிங்தான் வேண்டும் என்ற நிலை வரும். பாகத்தின் வடிவம் சிக்கலாக இருந்தாலோ, நாளை காலை இயந்திரம் ஓடியாக வேண்டும் என்றாலோ அதையும் செய்துதான் ஆகவேண்டும். அதற்கான வரிசையைச் சொல்கிறேன்.

பழைய நிரப்பல் முழுவதையும் சாணையில் எடுத்து, அதற்கு அடியில் உள்ள கடினப் பட்டையும் விரிசலும் போகும்வரை உள்ளே போக வேண்டும். விரிசல் போய்விட்டதா என்பதைச் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் உள்ள டை பெனட்ரன்ட் தெளிப்பால் பார்க்கலாம், ஊகிக்க வேண்டாம். பிறகு பாகத்தை மென்மையாக்க வேண்டும். செந்தணலாகக் காய்ச்சி, முன்பே சூடாக்கிய உமிச் சாம்பலிலோ உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து இரவு முழுக்க விட்டால், முழுமையான அனீலிங் ஆகாவிட்டாலும் வேலைக்குப் போதுமான மென்மை வரும். ஆர்கான் வெல்டிங்தான் இதற்கு ஏற்றது. பூச்சு ராடு இல்லாததால் ஹைட்ரஜன் தொல்லை குறைவு, சூட்டையும் அடக்கிக் கையாளலாம். ராடுதான் கையில் இருக்கிறது என்றால், ஹைட்ரஜன் குறைவான 7018 வகை ராடை 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்திவிட்டு, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்துங்கள். பாகத்தை 250 டிகிரிக்கு முன்சூடாக்கி, வெல்டிங் முடியும்வரை அந்தச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட எஃகில் மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்கும் சூடு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டி இருப்பதால், அதற்கு மேலேயே வைத்திருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது நொறுங்கும் பட்டை உருவாகாது. குறுகிய தையலாக, ஒவ்வொரு தையலுக்கும் இடையில் நிறுத்தி, உலோகம் சூடாக இருக்கும்போதே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சுருக்கத்தின் இழுப்பைக் குறைக்க வேண்டும். முடிந்தவுடன் காற்றில் வைக்கவே கூடாது. நேராகச் செந்தணலுக்கு ஏற்றி, மறுபடி சாம்பலில் புதைத்துவிடுங்கள். அடுத்த நாள் எடுத்து அரத்தால் ராவி, 0.2 மி.மீ. மிச்சம் விட்டு வடிவம் கொடுத்து, முழுப் பாகத்தையும் புதிதாகக் கடினப்படுத்தி, டெம்பர் செய்து, கடைசி அளவைச் சாணையில் எடுக்க வேண்டும்.

என் தொடக்க காலத்தில் ஒரு பிளாங்கிங் பஞ்சின் மூலையை இந்த வரிசையில் ஒரே ஒரு படியைத் தாண்டிச் செய்தேன். வெல்டிங் நன்றாக விழுந்தது. மாலை ஆகிவிட்டதால் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் சர்ஃபேஸ் கிரைண்டரின் காந்த மேசையில் வைத்து முதல் முறை கல் தொட்டதும் மூலை தனியாக நழுவிப் போனது. சாம்பலில் புதைக்கச் சோம்பிய பத்து நிமிடம்தான் அந்தப் பஞ்சின் விலை.

இனி நீங்கள் முதலில் கேட்ட நிரப்பு கம்பி. மறுபடி கடினப்படுத்தப் போகிறீர்கள் என்றால், நிரப்பும் உலோகமும் கடினமாகக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரண வெல்டிங் கம்பியில் கரி மிகக் குறைவு என்பதால், பழைய எஃகிலிருந்து கொஞ்சம் கரி கலந்தாலும் முனை நீங்கள் நினைக்கும் கடினத்துக்கு வராது. டூல் ஸ்டீலுக்கென்றே விற்கும் கம்பிகள் உண்டு. கிடைக்காதபோது, அதே எஃகின் மெல்லிய பட்டையை 1.5 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி ஆர்கானில் நிரப்பு கம்பியாகப் பயன்படுத்தியிருக்கிறோம்; பலமுறை சரியாக வந்தது, சிலமுறை விரிசல் விட்டது. எப்போது எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு அதில் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. 312 வகைத் துருப்பிடிக்கா எஃகுக் கம்பியைக் கடைக்காரர்கள் எதற்கும் ஒட்டும் என்று சொல்லி விற்பார்கள். அது விரிசலை நன்றாகத் தாங்கும் என்பது சரிதான். ஆனால் அது கடினப்படுத்தலுக்கு மசியாது. உடல் பகுதியில் இரண்டு துண்டை இணைக்க ஏற்றது, பல்லில் மோதும் முனைக்கு ஏற்றதில்லை. பூசியவுடனே 55 முதல் 60 ராக்வெல்வரை கடினம் தரும் ஹார்ட்ஃபேசிங் கம்பிகளும் உண்டு. அவற்றைப் போட்டால் மறுபடி தோய்க்க வேண்டாம், சாணையில் வடிவம் எடுத்தால் போதும். ஆனால் முன்சூடும் மெல்லக் குளிரவைப்பதும் அவற்றுக்கும் வேண்டும், உடலின் மீதிப் பகுதி மென்மையாகவே நிற்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் நாக்கில் துளையும் தேயும் இடம் என்பதால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தோல் மட்டும் கடினமான பாகம் என்று தெரிந்தால் வேலை எளிது. வெல்டிங் விழும் இடத்திலும் அதைச் சுற்றியும் அந்தக் கடினத் தோலைச் சாணையில் நீக்கிவிட்டால், அடியில் இருப்பது வெல்டிங்குக்கு அடங்கும் எஃகுதான். நிரப்பி, ராவி, மறுபடி கரியேற்றிக் கடினப்படுத்தக் கொடுத்துவிடலாம். 900 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைக்கும் வேலை அது. நீங்களே அடுப்பில் செய்யப் பார்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக் மோல்டு பழுதுபார்க்கும் இடங்களில் லேசர் வெல்டிங் இயந்திரம் இருக்கும். நுண்ணோக்கியின் கீழ், அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பியைத் துடிப்புத் துடிப்பாக உருக்கி ஒட்டுவார்கள். பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே செய்யும் அளவுக்குச் சூடு குறைவு. கடினம் போகாமல் விளிம்பை நிரப்ப இது மிக நல்ல வழி. ஆனால் சூடு பட்ட பட்டை இல்லாமல் போவதில்லை, அது மயிரிழை அளவுக்குச் சுருங்குகிறது, அவ்வளவே. அந்த மெல்லிய பட்டை நொறுங்கும் தன்மையோடுதான் இருக்கும். மோல்டின் விளிம்பு அழுத்தத்தைத்தான் தாங்குகிறது, உங்கள் நாக்கு அடியைத் தாங்குகிறது. 2 மி.மீ. உயரத்துக்கு லேசரில் கட்டிய முனை ராட்செட்டில் எத்தனை மாதம் நிற்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வெள்ளிப் பற்று வைத்துப் புது முனையை ஒட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வெள்ளி அதிகமுள்ள பற்றுகளே 620 டிகிரிக்கு மேல்தான் நன்றாக ஓடும். அந்தச் சூட்டில் கரி எஃகின் கடினம் போய்விடும். கார்பைடு முனைக்கு அது சரி, இங்கே சரிவராது. பழைய இருப்பில் உள்ள வெள்ளிப் பற்றில் காட்மியம் இருக்கலாம், அதன் புகை நுரையீரலைத் தாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாகத்தின்மேல் குரோமியம், துத்தநாகம் போன்ற பூச்சு இருந்தால் அதை நீக்காமல் வெல்டிங் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இதே வடிவிலுள்ள நாக்கு, சுமை தூக்கும் செயின் பிளாக்கிலும் இருக்கிறது. அங்கே அது உடைந்தால், தயாரித்தவரின் அசல் பாகத்தைத் தவிர வேறு எதையும், வெல்டிங் செய்ததையோ பட்டறையில் செய்ததையோ போடக் கூடாது. காகிதம் நகராமல் நிற்பது வேறு, தலைக்கு மேல் சுமை நழுவுவது வேறு.

கடினமான எஃகைச் செதுக்குவதைப் பொறுத்தவரை, சாணைதான் இன்றும் மலிவான வழி. எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடுக் கல். கடினப்படுத்திய எஃகுக்கு அதில் வெள்ளைக் கல், மென்மையான தரத்தில். எஃகு கடினமாக ஆக ஆகக் கல் மென்மையாக வேண்டும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். மழுங்கிய மணிகள் தாமாக உதிர்ந்து புது மணி வெளிப்பட்டால்தான் கல் தேய்க்காமல் வெட்டும் என்பதே காரணம். பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடுக் கல் கார்பைடு டூலுக்கு உரியது. ஒவ்வொரு முறையும் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். பரப்பில் வைக்கோல் நிறமோ பழுப்போ ஓடிவிட்டால் அங்கே டெம்பர் மாறிவிட்டது. அடுத்த முறை கல் அந்த நிறத்தைத் துடைத்துவிடும், கெட்டுப்போன எஃகு அடியில் அப்படியே இருக்கும். சூடேறிய பாகத்தைத் தண்ணீரில் முக்குவதைவிட, சூடேறாமல் முக்கிக்கொண்டே வேலை செய்வதுதான் முறை. சூடேறியபின் முக்கினால் மேற்பரப்பில் வலைபோல் விரிசல் விடும். லேத்தில் கடையும் உருளை வடிவப் பாகமாக இருந்தால், 55 ராக்வெல்லுக்கு மேல் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) டூலால், அதிர்வில்லாத இயந்திரத்தில், ஒரு முறைக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. ஆழத்தில் கடையலாம்; உங்கள் நாக்குக்கு அது தேவைப்படாது.

கடைசியாக அந்தத் துளை. ஹைஸ்பீட் ட்ரிலின் கடினமே ராக்வெல்லில் 65க்குள்தான். 60ஐ ஒட்டிய எஃகில் அதை ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கும், சூட்டில் ட்ரில்தான் முதலில் தோற்கும். கோபால்ட் கலந்தது வாங்கினாலும் சில விநாடிகள்தான் கூடும். முழுக் கார்பைடு ட்ரில் வெட்டும், ஆனால் கையிலோ ஆடும் பெஞ்ச் ட்ரில்லிங் இயந்திரத்திலோ ஓட்டினால் ஒடியும். சுவரைத் துளைக்கும் கார்பைடு முனை ட்ரிலை வைரக் கல்லில் கூராக்கி, குறைந்த வேகத்தில் எண்ணெய் விட்டு ஓட்டி நான் பேரிங் வளையங்களைத் துளைத்திருக்கிறேன். ஓட்டை விழும், அளவு பிடிக்காது. ஆனால் உங்களுக்கு இவை எதுவும் வேண்டாம் என்பது என் கணிப்பு. துளையின் அளவு காலிப்பரில் 7.94 என்று எழுதியிருக்கிறீர்கள். அது 5/16 அங்குலம். துளை தேயவும் இல்லை, சுருங்கவும் இல்லை. இயந்திரம் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது, நீங்கள் வாங்கிய 8 மி.மீ. டவல் பின் (இறுக்கமாகப் பொருத்தும் உருளைப் பின்) வழக்கமாக 8 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூடுதலாகவே இருக்கும். அந்தப் பின்னை உருளைச் சாணைப் பட்டறையில் கொடுத்து 7.92க்கு இறக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பின்னின் மறுமுனை உட்காரும் துளையையும் அளந்து சொல்லிவிடுங்கள். அதுவும் அங்குலக் கணக்கில்தான் இருக்கும், அங்கே பின் ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் சற்றுத் தடித்து விடச் சொல்ல வேண்டியிருக்கும்.